எங்கிட்ட குடு

அவருடைய கைக்கடிகாரத்தின் தோல் வாரில் ஐந்து துளைகள் இருந்தன. நுனியிலிருந்து முதல் துளையில்தான் கொக்கியை மாட்டுவார். அப்போதும் வாரின் இரு பக்கமும் சதை பிதுங்கி நிற்கும். என் மனைவியின் நாடியைப் பிடித்துக்கொண்டு அவர் முள்ளைப் பார்த்திருக்கும் நேரத்தில் நான் அந்தத் துளைகளை எண்ணிவிடுவேன். எண்ணுவது என் சுபாவம். எண்பத்து மூன்று வயதில் இப்போது மாத்திரைகளை எண்ணுகிறேன், மாடிப்படிகளை எண்ணுகிறேன். ஆனால் தூக்கம் கெடுப்பது அந்தத் துளைகளின் கணக்குதான்.

திருவள்ளூரில் தாய்சேய் நல விடுதியில் அவர் நர்ஸாக இருந்தார். எல்லோரும் நர்ஸம்மா என்போம். பெயர் ஐந்து எழுத்து. அதை இங்கே எழுதும் யோக்கியதை எனக்கில்லை.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீன்பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். நாற்பது வயது இருக்கும். மணவாள நகரில் ஒற்றை அறையில் தனியாகக் குடியிருந்தார். கனத்த புஜங்கள், அகன்ற நடை. வழியில் யார் எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் கையை நீட்டிவிடுவார். "எங்கிட்ட குடு." பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். ஒரு நாள் ரயிலடியில் ஒரு பெரியவரின் டிரங்குப் பெட்டியை அப்படி வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். பெரியவர் திருட்டு என்று கூச்சலிட்டுக்கொண்டே பின்னால் ஓடினார். "கத்தாம வா நைனா, வண்டி பூடும்" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார் நர்ஸம்மா. வண்டி போகவில்லை. பெரியவருக்கு ஜன்னலோரம் இடமும் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார்.

எங்கள் வீட்டுக்கு அவர் வர ஆரம்பித்தது ஒரு சாவுக்குப் பிறகு. எங்கள் முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் பிறந்து இரண்டு நாள் இருந்தது. அறுபத்தெட்டாம் வருஷம். என் மனைவிக்கு அப்போது இருபத்திரண்டு வயது, உயரம் ஐந்தடி, எடை முப்பத்தாறு கிலோ. விடுதியின் எடைக் கருவியில் முள் நடுங்கி நின்ற இடம் எனக்கு இன்னும் தெரிகிறது.

"மெலிஞ்ச உடம்புதான், எங்க வம்சமே அப்படி" என்றாள் என் மனைவி.

"வம்சத்த அப்பறம் பாப்போம் கண்ணு. மாசாமாசம் குளிக்கறியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான்கு மாதமாக மாதவிலக்கு இல்லை. தலை வாரினால் சீப்பு நிறைய முடி வந்தது. சித்திரை வெயிலிலும் போர்வை கேட்டாள். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டியது. அரிவாள்மணையில் விரல் வெட்டினால் பத்து நாள் ஆறாது. இதையும் நான் எண்ணியிருந்தேன். எல்லாம் தனித்தனி உபத்திரவம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். நர்ஸம்மா எல்லாவற்றையும் ஒரே முடிச்சில் கட்டினார்.

"அடுப்புக்கு வெறகு இல்லன்னா இன்னா பண்ணுவ? மொதல்ல பரண்ல இருக்கற பலகைய எரிப்ப. அப்பறம் ஊட்டுக் கதவையே பேத்து எரிப்ப. இவ ஒடம்பு இப்ப கதவ எரிச்சிக்கினு கீது. இதுல இன்னொரு உசுர எப்டி தாங்கும்? ஒரு வருசம் புள்ள பேச்சே வாணாம். மாசத்துக்கு ஒரு கிலோ ஏறட்டும். அதுக்கு மேல பேராசப்படாதே."

மாதத்துக்கு ஒரு கிலோ. எனக்குப் பிடித்துப்போன பேச்சு அது. அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். காலையில் இட்லி எத்தனை, மத்தியானம் சாதம் எத்தனை கரண்டி, மோர் எத்தனை டம்ளர் எல்லாம் குறித்தேன். என் தாயார் பதறினாள்.

"சாப்பிடறவ இலையைப் பாத்து எண்ணாதேடா! ஒட்டாது."

"ஒட்டலைன்னுதானே எண்ணறேன்."

"நீ எண்ணறதாலதான் ஒட்டலை."

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நர்ஸம்மா வந்தபோது என் மனைவி மூன்றாவது இட்லியை வைத்துக்கொண்டு பிட்டுப் பிட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். எதிரே நான், கையில் பென்சிலோடு. வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா சாமி, கோர்ட்டு குமாஸ்தா மாரி குந்திக்கினு கீற? நீ இப்டி மொறச்சிக்கினு இருந்தா எனக்கே தொண்டைல எறங்காது. எங்கிட்ட குடு அத."

நோட்டு அவர் பைக்குள் போய்விட்டது.

மூன்று மாதத்தில் எடை ஏறவே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பட்டணத்தில் என் ஆபீசுக்குப் பக்கத்து மருந்துக் கடையில் ஒருவன் வெள்ளை மாத்திரை கொடுத்தான். "மூணு வாரத்துல கன்னம் ரொம்பிடும் சார்." ரொம்பியது. இருபத்து மூன்று நாளில் மூன்றரைக் கிலோ. முகம் பௌர்ணமி நிலவாயிற்று. அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டாள். நான் பெருமையோடு மனைவியை விடுதிக்கு அழைத்துப் போனேன்.

நர்ஸம்மா எடைக் கருவியின் பக்கமே போகவில்லை. அவளை பெஞ்சில் உட்காரவைத்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

"எண்ணு சாமி. இத எண்ணு."

குழி நிரம்புவதற்குள் பதினெட்டு எண்ணினேன்.

"இது சதையில்ல, தண்ணி. இன்னா குடுத்த?"

சட்டைப்பையிலிருந்து புட்டியை எடுத்தேன்.

"எங்கிட்ட குடு."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். முகம் வெளுத்துப் போய், புட்டியை எடுத்துக்கொண்டு நேராக டாக்டரிடம் போனார். அது ஸ்டீராய்டு, ஒரே நாளில் நிறுத்தினாலும் ஆபத்து என்று டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார். தண்ணீர் வற்றியது. முள் பழையபடி முப்பத்தாறரையில் வந்து நின்றது. என் மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அதற்கடுத்த வாரம் நர்ஸம்மா என் நோட்டோடு வந்தார். அதை ஒவ்வொரு பக்கமாகப் படித்திருந்தார்.

"பென்சிலு புடிச்ச கைக்கு ஒரு உபயோகம் கெடச்சிது சாமி. இதோ பாரு. இந்த நாளு இட்லி இல்ல, சோறு இல்ல, மோரு மட்டும். இந்த நாளும். இந்த நாளும். மாசத்துக்கு எட்டு நாளு ஒண்ணுமே காணோம். இன்னா இது?"

நான் எழுதியதுதான். என் கண்ணில் அது படவில்லை, ஏனென்றால் அது எனக்குக் காரணம் தெரிந்த விஷயம். சனிக்கிழமை நான்கு, ஏகாதசி இரண்டு, அமாவாசை ஒன்று, திருவோணம் ஒன்று. விரதம். கோயில் கைங்கரியக் குடும்பம் எங்களுடையது. முன்பு ஏகாதசி மட்டும்தான். குழந்தை போனபின், அடுத்தது தங்க வேண்டும் என்று மற்றதையெல்லாம் மருமகள் பேரில் வேண்டிக்கொண்டது என் தாயார். பிள்ளை வேண்டும் என்று பட்டினி. பட்டினியால் பிள்ளை தங்காத உடம்பு. இந்தச் சக்கரம் என் கையெழுத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று அமாவாசை. உடம்பில் உள்ள நோயெல்லாம் கரைய வேண்டும் என்று எங்கள் ஊர்க் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பது வழக்கம். மருமகளுக்காக ஒரு பெரிய உருண்டையைக் கரைத்துவிட்டு, ஈரப் புடவையோடு அம்மா அப்போதுதான் திரும்பியிருந்தாள்.

"மாமி, கொளத்துல கரைக்கற வெல்லத்த இவ வவுத்துல கரைங்க. ரெண்டே மாசத்துல தெரியும்" என்றார் நர்ஸம்மா.

"பெருமாள் விஷயத்துல வாயை வைக்காதே. வேண்டிண்டதை விட்டா இருக்கறதும் போயிடும்." அம்மாவின் குரல் நடுங்கியது. அது கொடுமைக்காரியின் குரல் இல்லை. இரண்டு நாள் பேரனை மடியில் வைத்திருந்தவளின் பயம் அது.

நர்ஸம்மா வாதாடவில்லை. கையை நீட்டினார்.

"சரி. வுட வாணாம். எங்கிட்ட குடுங்க."

"எதை?"

"அந்த எட்டு நாள. இவளுக்குப் பதிலா நான் இருக்கறேன்."

புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "நீ மச்சம் சாப்பிடறவளாச்சே?"

"பொறந்ததே ஏரில மாமி. மீனு வாசன இல்லாத நாளே எனக்குத் தெரியாது. அப்ப விரதம் யாருக்குக் கஷ்டம்? எனக்கா, தயிர்சாதம் துன்ற இவளுக்கா? உங்க பெருமாளு எங்கணக்குல ஜாஸ்தியா போடுவாரு பாருங்க." இடுப்பைத் தட்டிக் காட்டினார். "ஸ்டாக்கு கீது."

குழந்தை போனபின் என் தாயார் சிரித்தது அன்றுதான். சிரித்துவிட்டு, கறாராகவும் சொன்னாள்: "நடுவுல நீயா விடக் கூடாது. வேண்டிண்டது நான். முடிஞ்சுதுன்னு நான் சொல்லி அனுப்பணும். அதுவரைக்கும் இருக்கணும்."

"சத்தியமா."

இத்தனையும் நடந்தது வாசலை ஒட்டிய ரேழியில். அதற்கு உள்ளே அவரை நாங்கள் கூப்பிட்டதில்லை. அவருக்குக் காபி கொடுக்கும் டம்ளர் தனியாக ஜன்னலில் கவிழ்ந்திருக்கும். எங்கள் விரதம் மட்டும் தடையில்லாமல் அவரிடம் போய்ச் சேர்ந்தது.

அதன்பின் என் மனைவி சாப்பிட்டாள். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, அதில் பால், வெல்லம். பதினொரு மணிக்கு ஒரு பிடி வேர்க்கடலையும் வாழைப்பழமும். சாதத்தில் பருப்பு தாராளம், நெய் ஒரு கரண்டி. சாயங்காலம் மொச்சைச் சுண்டலோ எள்ளுருண்டையோ. ஒரே வேளையில் திணிக்காமல் ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். "படுத்துக்கினே துன்னா தொப்பதான் வரும். கெணத்துல ரெண்டு கொடம் எறைக்கட்டும், தெம்பு வந்தா நாலு. அப்பதான் அது சதையாவும்." எடை பார்ப்பது மாதம் ஒரு முறை. முப்பத்தேழு, முப்பத்தெட்டு, நடுவில் ஒரு காய்ச்சலில் அரைக் கிலோ இறக்கம், பிறகு முப்பத்தொன்பதரை. ஐந்தாம் மாதம் குளித்தாள். சீப்பில் முடி குறைந்தது. ஒரு நாள் என்னிடம், "ஏன்னா, எனக்குப் பசிக்கறது" என்றாள். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பசி அது. ஒன்பதாம் மாதம் நாற்பத்தைந்து கிலோ. "இப்ப பெத்துக்கோ" என்றார் நர்ஸம்மா.

இன்னொரு கணக்கும் கூடவே நடந்துகொண்டிருந்தது. கடிகார வார் இரண்டாம் துளைக்கு வந்தது. பிறகு மூன்றாவது. என் மனைவி மீண்டும் கருவுற்றபோது நான்காவது. பெரிய உடம்பு கொஞ்சம் இளைத்தால் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன். எட்டு நாள் விரதத்துக்கு இவ்வளவு இளைக்குமா என்று ஒரு கேள்வி வந்தது. அதை மேலே யோசிக்கவில்லை.

யோசிக்காமல் இருக்க முடியாதபடி ஒரு நாள் ரயிலில் ஆயிற்று. செவ்வாப்பேட்டையில் ஏறும் ஃபிட்டர் ஒருவர் தினமும் எனக்கு எதிரே உட்காருவார். பேச்சுவாக்கில் நர்ஸம்மா பெயர் வந்தது.

"அந்தம்மாவா? தெய்வம் சார். எங்க ஊட்டுல செவ்வா, வெள்ளி ரெண்டு நாளும் பட்டினி கெடப்பா. எங்கிட்ட குடுன்னு வாங்கிக்கினாங்க. பக்கத்து ஊட்டுப் பொண்ணு திங்கக்கெழம சோமவாரம். அதையும் வாங்கிக்கினாங்க."

செவ்வாப்பேட்டை தாண்டி அடுத்த நிலையம் வருவதற்குள் விரல் கணுக்களில் கணக்கு முடிந்துவிட்டது. திங்கள் நான்கு, செவ்வாய் நான்கு, வெள்ளி நான்கு. எங்களுடையது எட்டு. மாதம் முப்பதில் இருபது நாள். எனக்குத் தெரியாத வீடுகள் வேறு இருக்கலாம்.

அன்று மாலை அம்மாவிடம் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் வீட்டுக்குப் போனேன். என் மனைவி தட்டில் கடலையும் வெல்லமும் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆறாம் மாதம். கையில் வளையல் நழுவாமல் நின்றது. நான் சொன்னால் அம்மா என்ன செய்வாள்? விரதத்தை நர்ஸம்மாவிடமிருந்து திரும்ப வாங்கி யார் தலையில் வைப்பாள்? நான் இருக்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். நாற்பத்தொன்பது கிலோ இருந்தேன். அந்த எண்ணம் எனக்கு வரவே இல்லை என்று எழுத ஆசை. வந்தது. காலையில் ஏழு மணி வண்டிக்குப் போகிறவன், பசி தாங்காதே என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

ஒரே ஒரு தடவை கேட்டேன். "உடம்பு இளைச்சாப்பல இருக்கே?"

"நட ஜாஸ்தி சாமி" என்றார். அப்போது கொக்கி ஐந்தாவது துளையில் இருந்தது.

பெண் குழந்தை பிறந்தது விடுதியில், ஒரு வியாழக்கிழமை. முழு மாதம், இரண்டு கிலோ எழுநூறு கிராம். பிரசவம் பார்த்தது அவர்தான். குழந்தையைத் துடைத்து என் தாயார் கையில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாமி, நான் இனிமே சாப்புடலாமா?"

கேலி போலத்தான் இருந்தது. அம்மாவும் சிரித்தாள். "பதினோராம் நாள் தீட்டுக் கழிஞ்சு புண்யாகவாசனம் ஆகட்டும். பெருமாளுக்குச் சேர்த்துட்டுச் சொல்லி அனுப்பறேன்."

பதினோராம் நாள் வீடு நிறைய மனிதர்கள். சாயங்காலம் அம்மா நினைவாக என்னிடம், "அந்த நர்ஸுக்குப் போய் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டு வந்துடு" என்றாள். சரி என்றேன். மறுநாள் போகலாம் என்றிருந்தேன். எனக்கு வேறு கணக்குகள் வந்துவிட்டன. குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை பால் குடிக்கிறது, எத்தனை துணி நனைக்கிறது, எத்தனை மணி நேரம் தூங்குகிறது. புது நோட்டு போட்டிருந்தேன்.

அந்தப் பெண்ணுக்கு இன்று பேரன் இருக்கிறான். நர்ஸம்மாவை குழந்தை பிறந்ததற்கு அடுத்த மாதம் நெஞ்சு நோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். உள்ளே சத்தில்லாத உடம்பில் காசநோய் சுலபமாகப் புகுந்துவிடும் என்று டாக்டர் சொன்னாராம். அங்கிருந்து ஊருக்குப் போனார் என்றார்கள். போகவே இல்லை என்றும் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. கடைசியாகப் பார்த்தது மணவாள நகரில், குழந்தை பிறந்த இருபத்து நான்காம் நாள்.

கையில் சர்க்கரைப் பொங்கல் டப்பாவோடு போனேன். அவர் அறை வாசலில் கீழே உட்கார்ந்து, கடிகார வாரைக் கல்லின் மேல் வைத்து, ஆணியால் துளை போட்டுக்கொண்டிருந்தார். ஆறாவது துளை. ஆணியின் மேல் கல்லால் ஒரு தட்டுத் தட்டுவார், இருமுவார், மறுபடி தட்டுவார்.

"முழங்கைக்கு ஓடிப்புடுது சாமி. நாடி பாக்க சொல்ல பேஜாரு. புள்ள எப்டி கீது?"

"நன்னா இருக்கா. நாலு நாள் முன்னாடி நிறுத்துப் பாத்தேன், மூணு கிலோ." டப்பாவை நீட்டினேன். "அம்மா சொல்லச் சொன்னா. வேண்டுதல் முடிஞ்சாச்சு. இனிமே நீங்க..."

அவர் ஆணியைக் கீழே வைத்தார்.

"எப்ப முடிஞ்சிது?"

"பதினோராம் நாள்."

நான் நின்றபடியே எண்ணினேன். என்னால் நிறுத்த முடியவில்லை. பிறந்த நாளிலிருந்து எட்டு விரதங்கள். முதல் நான்கு பதினோராம் நாளுக்குள். அது என் தாயாருடையது. அடுத்தது இரண்டு சனிக்கிழமை, ஒரு ஏகாதசி, ஒரு திருவோணம். அந்த நான்கும் என்னுடையவை. பிறந்து வீட்டுத் தொட்டிலில் தூங்கும் குழந்தைக்காக அவர் பட்டினி கிடந்திருக்கிறார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நீங்க? விடுதிக்கு எதிர்லதானே தினம் போறேன்."

"மாமி சொல்லி அனுப்பறேன்னாங்களே. நீ எல்லாத்தையும் எண்றவனாச்சே சாமி, மறக்க மாட்டன்னு இருந்துட்டன்." குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். "சாப்பிடுங்க. என் கண் முன்னாடி சாப்பிடுங்க."

நெய் வாசனைக்கு அவர் தொண்டை ஏறி இறங்கியது. நான் பார்த்தேன். மூடியை எடுத்து டப்பாவை மூடினார்.

"இன்னிக்கு சனிக்கெழம சாமி. காலைல தலைக்குக் குளிச்சிட்டு ஆரம்பிச்சது. உங்க பாப்பா பேர்ல கடசியா ஒண்ணு இருந்துட்டுப் போவட்டும். நாளைக்குத் துன்றேன்."

"நாளைக்கு யார் வீட்டு விரதம்?"

அவர் வாரைக் கையில் சுற்றி, புதுத் துளையில் கொக்கியை மாட்டினார். இன்னும் தளர்வாகத்தான் இருந்தது.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. ஞாயித்துக்கெழமய இன்னும் யாரும் எங்கிட்ட குடுக்கல."